கதியாலும் புலுனியும்

போன ஆவணியில் மலையகத்து அப்புத்தளைக்குக் குருவி பார்க்கப் போயிருந்தேன். தங்கமலைக் காட்டுக்குள் இரண்டு மணித்தியாலம் அண்ணாந்து பார்த்துக் கழுத்து நொந்ததுதான் மிச்சம். ஒரு குருவியும் அம்பிடவில்லை. லயத்துப் பெரியவர் ஒருவர் சொன்னார்: "உள்ள போனா சத்தம்தான் கேக்கும் தம்பி. தோட்டத்து ஓரமா நில்லுங்க."

மரக்கறிப் பாத்தியும் காடும் முட்டுகிற சரிவில் போய் நின்றேன். மஞ்சள் காதுக் கொண்டைக்குருவி ஒரு சோடி வந்து முன்னாலேயே பழம் கொத்தியது. இலங்கை மலைகளை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத பறவை அது.

அந்த ஓரத்தை நினைத்தபடிதான் ஊருக்குத் திரும்பினேன். யாழ்ப்பாணத்தில் மலையில்லை. ஆனால் ஒவ்வொரு வளவையும் சுற்றி அப்படியொரு ஓரம் இருந்தது: வேலி. கிளுவை, பூவரசு, முள்முருக்கு எல்லாம் கதியாலாக, வெட்டின தடியாக, நட்டுத் தளிர்த்தவை. ஆட்டுக்கும் குழை, தோட்டத்துக்கும் குழை. முள்முருக்கு பூத்தால் தேன்சிட்டும் மைனாவும் காலையிலேயே வந்துவிடும். அடியில் சருகைக் கிளறிக்கொண்டு ஏழெட்டுப் புலுனி, அதுதான் தவிட்டுக்குருவி. செம்பகம் அதற்குள்ளேயே பதுங்கித் திரிந்து நத்தை பிடிக்கும். வேலி உச்சியில் இரட்டைவாலன் இருந்து வெங்காயப் பாத்திப் பூச்சியைப் பாய்ந்து பிடிக்கும். (தெற்கிலிருந்து வரும் பறவை பார்ப்பவர்களுக்கு இந்தக் கரிய இரட்டைவாலன் பெரிய விசயம். இலங்கையில் அது வடக்குப் பக்கத்துப் பறவை.)

இப்போது ஒழுங்கைக்கு ஒழுங்கை மதில். காரணம் எனக்கும் தெரியும். வருசா வருசம் வேலியடைக்க ஆளில்லை, எல்லைச் சண்டைக்கும் முடிவில்லை. நாங்களும் நாலு பக்கமும் கட்டினோம். அடுத்த மாரிக்கே முற்றத்தில் புலுனிச் சத்தம் நின்றுபோனது. அம்மாதான் முதலில் கவனித்தா. "எங்க தம்பி அதுகள்?" என்று கேட்டா. எனக்கு மறுமொழி வரவில்லை.

குருவி பார்க்க மலைக்குப் போங்கள், நானும் திரும்பப் போவேன். ஆனால் மதில் கட்டுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: றோட்டுப் பக்கம் கட்டுங்கள், கோடிப்பக்க வேலியை விட்டுவிடுங்கள். அயலவரோடு எல்லை பேசித் தீர்ந்தால் அந்த ஒரு பக்கத்துக்குக் கதியாலே போதும்.

ஐப்பசி மழைக்கு எங்கள் மதிலின் உட்பக்கமாகப் பன்னிரண்டு கிளுவைக் கதியால் நட்டேன். ஒன்பது தளிர்த்துவிட்டது. புலுனி இன்னும் வரவில்லை. நேற்று ஒரு தேன்சிட்டு வந்து இருந்துவிட்டுப் போனது.