பேத்தியை மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள்

மலேசியாவில் நம் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில் சாவு விழுந்தால் ஆள் சேர்வதில் குறையே இருக்காது. கூடாரம் போட, சமைக்க, தேவாரம் பாட, ராத்திரி முழுக்கத் துணைக்கு உட்கார என்று 16-ஆம் நாள் காரியம் வரைக்கும் வீடு நிறைந்துதான் இருக்கும். அப்புறம் பிள்ளைகள் கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குத் திரும்ப வேண்டும், அவர்களையும் குறை சொல்ல முடியாது, லீவு அவ்வளவுதான். மிஞ்சுவது எழுபதைத் தாண்டிய ஒரு அம்மாவோ அப்பாவோ. அவர்களோடு உட்கார்ந்து பேசப் பயிற்சி எடுத்த, தமிழ் பேசுகிற ஒரு மனநல ஆலோசகர் நம் ஊர் அரசாங்கக் கிளினிக்கிலேயே இருக்க வேண்டும். மாதம் இரண்டு நாள் வந்து போனாலும் சரி, ஆனால் இங்கே வர வேண்டும்.

இதைச் சொன்னால் உடனே வரும் கேள்வி, "ஆலோசகர் வந்து என்ன சொல்லப் போறாரு, போன உயிர் திரும்பவா போகுது?" என்பதுதான். சொல்வதற்கு நம்மிடம் ஆள் ஏராளம். மனசைத் தேத்திக்கோ, பேரப்பிள்ளைங்க முகத்தைப் பாரு, விதி முடிஞ்சுது போயிட்டாரு. எல்லாம் அன்பில் வருகிற வார்த்தைகள்தான், ஆனால் இதைக் கேட்டுக் கேட்டே துக்கத்தில் இருப்பவர் வாயை மூடிக்கொள்கிறார். பயிற்சி பெற்றவர் கேட்பார், அழ விடுவார், அதே கதையை மூன்றாம் தடவை சொன்னாலும் அவசரப்படுத்த மாட்டார், அடுத்த சந்திப்புக்கு நாள் குறித்துவிட்டுத்தான் அனுப்புவார்.

எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், ஒரு பாட்டி இருக்கிறார் (அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்). பால் மரம் சீவியே பிள்ளைகளைக் கரையேற்றியவர். தாத்தா தவறிய பிறகு மாதாமாதம் கிளினிக்குக்குப் போய் நெஞ்சு பாரம், கால் எரிச்சல், தூக்கமில்லை என்பார், மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள். அவர் பிளாஸ்டிக் பையில் இரண்டு கிளினிக் புத்தகங்கள் இருக்கும், ஒன்று அவருடையது, இன்னொன்று தாத்தாவுடையது, ரப்பர் பேண்டு போட்டு ஒன்றாகக் கட்டியிருப்பார். அந்த இரண்டாவது புத்தகத்தைப் பற்றி யாரும் கேட்டதில்லை. கடைசியில் ஒரு ஆலோசகரிடம் அனுப்பினார்கள். அவருக்குத் தமிழ் தெரியாது, அதனால் கூடப் போன பள்ளிக்கூடப் பேத்தி நடுவில் உட்கார்ந்து மலாயில் சொன்னாள். பாட்டிக்கும் மலாய் வரும்தான், மீன் வாங்க, பஸ் ஏற, கடையில் பேரம் பேச. அன்றைக்கு "நல்லாத்தான் இருக்கேன், தூக்கம்தான் வரல" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். பிறகு என் அம்மாவிடம் சொன்னாராம், தாத்தாவை மட்டும் நினைத்து அழவில்லை, தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில் இருந்தபோது செத்துப்போன தலைப்பிள்ளையையும் சேர்த்துத்தான் அழுகிறேன், அவனைப் புதைத்த இடத்தில் இப்போது செம்பனை (எண்ணெய்ப் பனை) நிற்கிறது, இதைச் சின்னப் பொண்ணு முன்னால எப்படிச் சொல்லுவேன் என்று.

ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்தை விட்டு எழும்பி வந்த தலைமுறை இது. ஒரு சாவு வந்தால் பழைய இழப்பெல்லாம் கூடவே கிளம்பி வரும். அதற்குப் பேத்தியை நடுவில் உட்கார வைப்பது பாட்டிக்கும் அநியாயம், அந்தப் பிள்ளைக்கும் அநியாயம்.

துக்கப்படுகிற எல்லோருக்கும் சிகிச்சை வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலானோர் சொந்தபந்தங்களின் துணையோடு மெல்லத் தேறிவிடுவார்கள். சிலருக்கு மட்டும் அது இறங்குவதே இல்லை. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் நீடித்த துக்கத்துக்குத் தனி இடமே உண்டு. 6 மாதம் தாண்டியும், ஊர் வழக்கத்தையும் மீறி, அன்றாடக் காரியமே ஓடாத அளவுக்கு ஏக்கம் பிடித்திருந்தால்தான் அந்தப் பெயர். நம் சுகாதார அமைச்சு 2018-இல் முதியோரிடம் நடத்திய தேசிய ஆய்வில், 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 11.2 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. நாமோ வயசானா அப்படித்தான் என்று விட்டுவிடுகிறோம், மனச்சோர்வில் வருகிற மறதியைப் பார்த்துப் புத்தி மங்கிப்போச்சு என்கிறோம்.

இன்னொரு தடை பயம். 1911-இல் தொடங்கிய மனநல மருத்துவமனை இருப்பதால் தஞ்சோங் ரம்புத்தான் என்ற ஊர்ப் பெயரையே நாம் வசவாக்கி வைத்திருக்கிறோம், அதனால் ஆலோசகர் என்றாலே பெரியவர்களுக்கு "என்னைப் பைத்தியம்னு சொல்றியா" என்று கோபம் வருகிறது. இனிப்புநீர் (சர்க்கரை நோய்) மாத்திரை வாங்கப் போகும் அதே கட்டடத்தில், அடுத்த அறையில் ஆலோசகர் இருந்தால் இந்தக் கூச்சம் பாதி குறையும்.

இன்னொன்று, மேடையில் ஊக்கம் கொடுக்கிற தன்முனைப்புப் பேச்சாளர் வேறு, ஆலோசகர் வேறு. 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி பதிவு பெற்றவர்தான் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். பதிவு எண்ணைத் தயங்காமல் கேளுங்கள்.

கிளினிக்குக்கும் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்கும் கொடுக்க ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன், கையெழுத்துப் போடுகிறவர்கள் எனக்கு மெசேஜ் அனுப்புங்கள். ஆலோசனைத் துறை படித்துவிட்டு வெளியூரில் இருக்கும் நம் பிள்ளைகள் மாதம் ஒரு சனிக்கிழமை வர முடிந்தால் கோயில் மண்டபத்தில் ஓர் அறை கேட்டு வாங்குவது என் பொறுப்பு. அதுவரை, வீட்டில் யாராவது தாங்க முடியாமல் தவித்தால் சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் லைன் 15555, மனக்கஷ்டத்தைக் கேட்க ஆள் இருக்கும் பிஃபிரெண்டர்ஸ் அமைப்பு 03-7627 2929. தமிழ் பேசுகிறவர் இருக்கிறாரா என்று எடுத்ததும் கேளுங்கள், இல்லையென்றால் எப்போது இருப்பார் என்று கேட்டு வைத்துக்கொண்டு மறுபடியும் கூப்பிடுங்கள். போனைப் பெரியவர் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் கொஞ்ச நேரம் வெளியே போய் இருங்கள்.