"கதை ஒன்றுதானே" என்று இனி எவரும் என்னிடம் சொல்ல வேண்டாம்

கடந்த மாதம் திருகோணமலை உவர்மலையிலுள்ள என் வீட்டுக்கு ஒரு பெட்டி வந்து சேர்ந்தது. ராணி காமிக்ஸ் என்ற தமிழ்ச் சித்திரக்கதைத் தொடரின் முதல் நூறு இதழ்களும் ஒன்றுகூடக் குறையாமல், அசல் அட்டையோடு, ஒரே சீராக இருக்கின்றன என்று உறுதியளித்து, தமிழ்நாட்டிலிருந்து ஒரு பழைய புத்தக வியாபாரி அனுப்பிய பெட்டி அது. அனுப்பும் செலவோடு சேர்த்து 85,000 ரூபாய் கொடுத்திருந்தேன். பெட்டியைப் பிரித்து எண்ணியபோது 92 இதழ்கள்தான் இருந்தன. அவற்றிலும் நான்கு எண்கள் இரண்டிரண்டு முறை வந்திருந்தன. பதினான்கு இதழ்களுக்கு அட்டை என்ற பெயரில் ஒட்டப்பட்டிருந்தது போட்டோப் பிரதி. இருபத்தைந்து இதழ்கள் ஐந்தைந்தாகப் பைண்டிங் செய்யப்பட்டு, மூன்று பக்கமும் ஓரம் வெட்டப்பட்டு, மற்றவற்றைவிட ஒரு விரற்கடை சிறுத்துப்போயிருந்தன. இன்னும் ஆறு இதழ்களின் அட்டைகளை யாரோ லமினேட் செய்து பளபளவென்று பாழாக்கியிருந்தார்கள்.

இவை அனைத்தையும் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பிக் கேட்டபோது, அந்த வியாபாரி ஒரே ஒரு குரல் பதிவில் பதில் சொன்னார்: "கதை ஒண்ணுதானே சார், படிக்கிறதுக்குத்தானே வாங்குறீங்க?"

இந்த ஒரு வாக்கியத்தைப் பதினைந்து ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். கொழும்பில் ஒரு வியாபாரி "கதை ஒண்டுதானே அண்ணை" என்றார். மின்வருடிய (ஸ்கேன் செய்த) கோப்பு ஒன்றை அனுப்பிவிட்டு, இனி எதற்குத் தேடுகிறீர்கள் என்று கேட்ட நண்பரும் இதையேதான் சொன்னார். பெட்டியைப் பார்த்த என் மைத்துனரும் அன்றிரவு இதையேதான் சொன்னார். எனவே, பொறுத்தது போதும் என்று, கதை ஒன்று அல்ல என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ராணி காமிக்ஸ் 1984இல் தொடங்கி 2005இல் நின்றது; மொத்தம் 500 இதழ்கள். முதல் இதழின் நாயகன் ஜேம்ஸ் பொண்ட். இலண்டன் டெய்லி எக்ஸ்பிரஸ் பத்திரிகையில் 1958இலிருந்து நாளுக்கொரு துண்டாக வந்த சித்திரத் தொடர் அது. அந்தத் துண்டுகளை ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக அடுக்கித் தமிழில் ஒரு கையடக்க இதழாக்கியபோது, படங்கள் பக்கத்தின் ஓரம்வரை நெருங்கி வந்தன. இப்போது ஒரு பைண்டர் தன் வெட்டும் இயந்திரத்தில் அந்த ஓரத்தை அரைச் சென்ரிமீற்றர் சீவிவிட்டால், பேச்சுக் கூட்டுக்குள் இருக்கும் கடைசி எழுத்துகளும் சேர்ந்து போகின்றன. என்னிடம் வந்த இருபத்தைந்து இதழ்களில் பல பக்கங்களில் "சுட" என்பதோடு வரி முடிகிறது. சுடச் சொல்கிறாரா, சுட வேண்டாம் என்கிறாரா என்பது வெட்டுக் கத்தியோடு போய்விட்டது. கதை ஒன்றுதானே என்கிறவர்கள் அந்தக் கதையாவது முழுதாக இருக்கிறதா என்று ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கிறார்களா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்கரான லீ ஃபால்க் 1936இல் உருவாக்கிய பாண்டம் என்ற முகமூடி வீரரை, முத்து காமிக்ஸ் என்ற இன்னொரு தமிழ்த் தொடரில் படித்த என் அண்ணனுக்கு அவர் "வேதாளர்". ராணி காமிக்ஸின் பிற்கால இதழ்களில் படித்த எனக்கு அவர் "மாயாவி". முத்து காமிக்ஸில் மாயாவி என்றால் அது இரும்புக்கை மாயாவி, முற்றிலும் வேறு ஆள். இந்தப் பெயருக்காக நாங்கள் இருவரும் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டுச் சண்டை பிடித்திருக்கிறோம். மண்டையோட்டு மோதிரம் ஒன்றுதான், குகை ஒன்றுதான், வாசித்த புத்தகம் மட்டும் ஒன்றல்ல. எந்தத் தொடரில், எந்த அளவில், எந்தத் தாளில், எந்தப் பெயரோடு வந்ததோ அதுதான் எங்கள் ஒவ்வொருவருக்கும் அந்தக் கதை.

ஊரிலேயே தேடினால் என்ன என்று கேட்பவர்களுக்குத் திருகோணமலையின் காற்றைப் பற்றித் தெரியாது. ஒரு பக்கம் உட்துறைமுகம், மறுபக்கம் திறந்த கடல். இந்த நகரத்தில் இரும்பு எதுவும் நெடுநாள் தாங்காது. மெல்லிய இதழ்களின் நடுவே அடித்திருக்கும் கம்பிப் பின்கள் சில ஆண்டுகளில் துருப்பிடித்து, நடுப்பக்கத்தில் பழுப்பு நிறக் கறையாக ஊறி, பிறகு அந்த இடத்திலேயே தாளைத் தின்றுவிடுகின்றன. ஒக்டோபரில் தொடங்கும் மழைக்காலத்தில் மலிவுத் தாள் ஈரத்தைக் குடித்து உப்பும். வெயில் வந்ததும் முறுகி உடையும். இவற்றுக்கெல்லாம் தப்பிய புத்தகங்களை நாங்கள் 1990 ஜூனில் போர் மூண்டபோது ரங்குப் பெட்டியோடு விட்டுவிட்டு ஓடினோம். திரும்பி வந்தபோது வீட்டில் பெட்டி இருந்த இடத்தில் கறையான் புற்று மட்டுமே இருந்தது. கடற்கரையோரம் குடியிருந்த என் பள்ளித் தோழன் எப்படியோ காப்பாற்றி வைத்திருந்த முப்பதுக்கு மேற்பட்ட இதழ்களை 2004 டிசம்பர் 26 கொண்டுபோனது. ஆகவே இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் தன் இளமைக்காலத்து இதழ்களை வெளியூர்க்காரரிடம்தான் கையேந்தி வாங்க வேண்டியிருக்கிறது. அந்த நிலைமையை நன்றாகத் தெரிந்துகொண்டுதான் வியாபாரிகள் பேசுகிறார்கள் என்பதே என் நெஞ்சை எரிக்கிறது.

2022 மார்ச்சில் நாட்டின் ரூபாயை மிதக்கவிட்டார்கள். இருநூறு ரூபாயளவில் இருந்த டொலர் சில வாரங்களில் முந்நூறைத் தொட்டது. இந்திய ரூபாயும் அதற்கேற்ப எங்களுக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. நான் பேசி முடித்து வைத்திருந்த ஒரு தொகுப்பு அந்த மாதத்திலேயே கைநழுவியது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் தொடங்கியபோது, உறவினர் ஒருவர் பயணப்பொதியில் புத்தகங்களைக் கொண்டுவருவார், தபாலில் நசுங்காமல் கைக்கு வரும் என்று நான் பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. அவர் கொண்டுவந்த பதினெட்டு இதழ்களில் ஒன்பதுக்கு அட்டை இல்லை. விற்றவர் அதை அவரிடம் சொல்லவும் இல்லை.

பழுது எல்லாவற்றுக்கும் நான் கோபப்படுகிறவன் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் பக்கத்தில் ஒரு சிறுவன் நீல மையால் தன் பெயரையும் வகுப்பையும் எழுதியிருந்தால் அந்த இதழை நான் சந்தோஷமாக வாங்குவேன். வாடகைக்குப் புத்தகம் கொடுத்த கடையின் முத்திரை இருந்தாலும் எனக்குக் குறையில்லை. அந்தக் கடைகள் இல்லையென்றால் எங்களில் பாதிப்பேர் படித்திருக்கவே மாட்டோம். ஐந்து இதழ்களைச் சேர்த்துக் கட்டி வைத்த அந்தக் காலத்துத் தகப்பன்மாரையும் நான் குறை சொல்லவில்லை. கிழியாமல் இருக்க வேண்டும் என்று நினைத்து அவர்கள் செய்தார்கள். நான் குமுறுவது, இன்றைக்கு, இந்த இதழ்களின் மதிப்புத் தெரிந்துகொண்டே, நைந்த ஓரத்தை மறைப்பதற்காகப் புதிதாக வெட்டி விற்பவர்களைப் பார்த்து. தட்டையாக மின்வருட வேண்டும் என்று பின்களைக் கழற்றிப் பக்கங்களைத் தனித்தனியாக்கிவிட்டு, வேலை முடிந்ததும் அவற்றைப் பழைய பேப்பர்க்காரரிடம் போடுகிறவர்களைப் பார்த்து. ஒரே எண்ணில் நான்கு பிரதிகளைப் பிளாஸ்ரிக் உறைக்குள் பூட்டி வைத்துக்கொண்டு, ஒன்றைக்கூடத் தனியாகத் தரமாட்டேன், வேண்டுமென்றால் ஐம்பதாக எடு என்று சொல்கிறவர்களைப் பார்த்து.

ஐம்பதாக எடுத்தால் அதில் நாற்பது ஏற்கெனவே என்னிடம் இருக்கும். அந்த நாற்பதையும் நான் என்ன செய்வது? அவரைப்போல நானும் பூட்டி வைப்பதா? நான் அவற்றைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுகிறேன். ஆனால் அவற்றுக்குக் கொடுத்த காசை யார் எனக்குத் திருப்பித் தருவார்கள்?

"முழுத் தொகுப்பு" என்ற சொல்லுக்கு ஒரு பொருள் இருக்கிறது. எண் விடாமல் இருக்க வேண்டும், அட்டை அச்சகத்திலிருந்து வந்த அட்டையாக இருக்க வேண்டும், அலுமாரியில் அடுக்கினால் தலை ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் குறையைச் சொல்லி, குறைந்த விலைக்குக் கொடுங்கள், நான் வாங்கிக்கொள்வேன். சொல்லாமல் விற்றால் அது ஏமாற்று. வாங்குகிறவன் கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கிறான், பெட்டியைத் திருப்பி அனுப்பும் செலவுக்குப் பயந்து வாயை மூடிக்கொள்வான் என்ற கணக்கில் செய்யப்படும் ஏமாற்று.

பழுதில்லாத அசல் பிரதி என் அலுமாரியில் இல்லாத இதழ்களின் இடத்தில் அதே உயரத்துக்கு மட்டை வெட்டி, எண்ணை எழுதிச் செருகி வைத்திருக்கிறேன். நேற்றைய கணக்கில் முதல் நூறில் மட்டும் நாற்பத்தொரு மட்டைகள் நிற்கின்றன. நேற்றிரவு வேறொரு வியாபாரி, ஒன்று முதல் நூறு வரை முழுத் தொகுப்பு கைவசம் இருப்பதாகச் செய்தி அனுப்பினார். நான் விலையைக் கேட்கவில்லை. நூறையும் மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பக்கவாட்டிலிருந்து ஒரே ஒரு படம் எடுத்து அனுப்புங்கள் என்று கேட்டேன். பார்த்துவிட்டார் என்பதற்கான நீலக் கோடுகள் அப்போதே விழுந்தன. படம் இன்னும் வரவில்லை.