"சுத்தம் பண்ணியாச்சு" சரி, எடுத்தது எங்கே போச்சு?

சுற்றுச்சூழல் பொறியியலை இளநிலையில் எடுக்கலாமா என்று கேட்டு எழுதுகிற தம்பி தங்கைகளில் பலர் முதல் வரியிலேயே "எனக்கு இயற்கை ரொம்பப் பிடிக்கும்" என்கிறார்கள். அந்தப் பிரியம் நல்லது, கடைசிவரை வேண்டும். ஆனால் முதல் இரண்டு வருடம் உங்கள் கையில் இருக்கப்போவது கால்குலஸ், வேதியியல், ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ். குழாயில் தண்ணீர் ஓடும்போது அழுத்தம் எவ்வளவு குறைகிறது, ஒரு மண் துகள் தொட்டியின் அடிக்குப் போய்ச்சேர எவ்வளவு நேரம் பிடிக்கும், இதெல்லாம்தான் வகுப்பில் நடக்கும். இது தெரியாமல் வந்து சேர்ந்து மனம் ஒடிந்துபோகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. சேர்க்கை விளம்பரங்களில் பச்சை இலையும் நீல வானமும் இருக்கின்றன, கழிவுநீர்த் தொட்டி ஒன்றைக்கூடக் காட்டுவதில்லை.

என்னைக் கேட்டால் இந்தப் படிப்பின் உயிர் ஒரே கேள்வியில் இருக்கிறது: எடுத்தது எங்கே போகிறது? பாடத்தில் இதற்கு மாஸ் பேலன்ஸ் என்று பெயர். உள்ளே வந்தது, வெளியே போனது, நடுவில் உருவானது அல்லது சிதைந்தது, உள்ளேயே தங்கியது. எல்லாவற்றையும் எழுதினால் கணக்கு நேராக வேண்டும். ஆரம்பத்திலேயே சொல்லித் தருகிறார்கள், பார்க்க எளிதாகத்தான் இருக்கும். பரீட்சையில் எழுதிவிட்டு அத்தோடு விட்டுவிடுகிறார்களே என்பதுதான் என் ஆதங்கம். பிறகு நான்கு வருடமும் ஃபார்முலாவில் எண்ணைப் போட்டுத் தொட்டியின் நீள அகலம் கண்டுபிடிப்பதிலேயே போய்விடுகிறது.

கழிவுநீர்ச் சுத்திகரிப்பையே எடுத்துக்கொள்வோம். 1914இல் மான்செஸ்டரில் ஆர்டனும் லாக்கெட்டும் ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ் முறையை அறிவித்தார்கள். கழிவுநீரில் காற்றைச் செலுத்தி, அடியில் படிகிற கசடைக் கொட்டிவிடாமல் மறுபடி தொட்டிக்கே திருப்பினால் நுண்ணுயிர்கள் பெருகி வேலை வேகமாக நடக்கிறது என்று காட்டினார்கள். இன்றும் உலகம் முழுக்கப் பெரிய நிலையங்கள் இந்த அடிப்படையில்தான் ஓடுகின்றன. கலங்கலாக வருவது தெளிவாகப் போவதைப் பார்க்கும் மாணவருக்கு வேலை முடிந்துவிட்டதாகத் தோன்றும். முடியவில்லை. கரைந்திருந்த கரிமப் பொருளில் ஏறக்குறையப் பாதி கார்பன் டையாக்சைடாகக் காற்றில் கலக்கிறது. மீதி பாக்டீரியாவின் உடலாகவே மாறி ஸ்லட்ஜாகச் சேர்கிறது. அதைக் கெட்டிப்படுத்தி, நீரைப் பிழிந்து, எங்காவது கொண்டுபோய்ச் சேர்ப்பது நிலையத்தின் செலவில் ஒரு பெரும் பங்கு. காற்றடிக்கும் ப்ளோயர்கள் இழுக்கிற மின்சாரம் தனி. நைட்ரஜனை நீக்கும்போது எல்லாம் ஒழுங்காக நடந்தால் கெடுதலில்லாத நைட்ரஜன் வாயு வெளியேறும். ஆக்சிஜன் அளவில் கொஞ்சம் பிசகினால் நைட்ரஸ் ஆக்சைடு கூடுதலாக வரும். நூறு வருடக் கணக்கில் அதன் வெப்பமூட்டும் ஆற்றல் கார்பன் டையாக்சைடைப் போல 273 மடங்கு. ஆற்றிலிருந்து எடுத்ததை வானத்தில் போட்டதாகத்தான் ஆகும்.

புகைபோக்கிக் கதையும் இதேதான். கனடாவின் சட்பரியில் நிக்கல் உருக்காலைப் புகையால் சுற்றுவட்டாரமே கருகிக் கிடந்தது. 1972இல் 381 மீட்டர் உயரப் புகைபோக்கி இயங்கத் தொடங்கியது. ஊருக்குள் காற்று தேறியது. கந்தக டையாக்சைடோ வெகுதூரம் பரவி வேறு ஏரிகளின் மேல் அமிலமாக இறங்கியது. புகைபோக்கியின் உயரத்தை வைத்துத் தரைமட்டத்துச் செறிவைக் கணக்கிடும் காசியன் ப்ளூம் சமன்பாட்டை எல்லாக் கல்லூரிகளிலும் நடத்துகிறார்கள். உயரம் கூடினால் தரையில் செறிவு குறையும் என்று விடை வரும், அந்த விடை சரிதான். உயரம் கூடியதால் மட்டும் வெளியேறும் மொத்தத்தில் ஒரு கிராம்கூடக் குறைவதில்லை என்பதையும் அதே வகுப்பில் சொல்ல வேண்டாமா?

குளோரினைப் பற்றிப் பேசும்போது எனக்கு உண்மையிலேயே மரியாதை பொங்கும். 1908இல் ஜெர்சி சிட்டியின் குடிநீருக்குக் குளோரின் சேர்க்கத் தொடங்கியது பொதுச் சுகாதாரத்தின் திருப்புமுனைகளில் ஒன்று. அதன்பின் டைஃபாய்டு எத்தனையோ நகரங்களைவிட்டு விலகியது. 1974இல் ராட்டர்டாமில் யோஹான்னஸ் ரூக் என்ற வேதியியலாளர், அதே குளோரின் நீரில் இயல்பாக இருக்கும் கரிமப் பொருளோடு வினைபுரிந்து குளோரோஃபார்ம் போன்ற, உடலுக்குக் கெடுதல் செய்யக்கூடிய ட்ரைஹாலோமீத்தேன்களை உண்டாக்குகிறது என்று காட்டினார். அதற்காகக் குளோரினைக் கைவிட வேண்டுமா? கூடவே கூடாது. குளோரின் போடுவதற்கு முன்பே கரிமப் பொருளைக் குறைக்க வேண்டும். அந்த முடிவுக்கு வர வேதியியலும் தெரிய வேண்டும், நுண்ணுயிரியலும் தெரிய வேண்டும். "கஷ்டமான பேப்பர்களைக் குறைத்தால் அட்மிஷன் கூடும்" என்று சொல்கிறவர்களோடு நான் ஒத்துப்போக முடியாததற்கு இதுதான் காரணம்.

வங்கதேசத்தின் குழாய்க் கிணற்றுக் கதையைப் படிக்காமல் ஒரு மாணவரும் பட்டம் வாங்கக் கூடாது என்பேன். குளத்து நீரைக் குடித்துக் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் இறந்துகொண்டிருந்தார்கள். 1970களிலிருந்து கிராமம் கிராமமாக லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் இறக்கினார்கள். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. கிருமி இல்லாத, தெளிந்த தண்ணீர். ஆனால் அந்த வண்டல் மண்ணில் இரும்பு ஆக்சைடோடு ஒட்டியிருந்த ஆர்சனிக் என்ற நச்சு, ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் இரும்பு கரையும்போது தானும் நீரில் இறங்கிவிடுகிறது. நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. அன்றைய வழக்கமான பரிசோதனைப் பட்டியலில் ஆர்சனிக் இல்லை. 1990களில்தான் விபரீதத்தின் அளவு தெரிந்தது, அதற்குள் கோடிக்கணக்கானோர் அந்த நீரைக் குடித்திருந்தார்கள். நிலத்தடி நீர் வேதியியலை "அவுட் ஆஃப் சிலபஸ்" என்று யாராவது ஒதுக்கினால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். 2014இல் அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரம் ஆற்று நீருக்கு மாறியபோது அரிப்பைத் தடுக்கும் பாஸ்பேட்டைச் சேர்க்கவில்லை, பழைய குழாய்களின் ஈயம் வீட்டுக் குழாய்வரை வந்தது. இப்படிப்பட்ட தோல்விகளுக்கென்றே ஒரு முழு பேப்பர் வைக்க வேண்டும், அதுவும் விருப்பப் பாடமாக வேண்டாம், கட்டாயப் பாடமாகவே.

லேப் பற்றி ஒரு வார்த்தை. நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு ஐந்து நாளில் எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்று அளக்கிற பிஓடி பரிசோதனையை வீடியோவில் காட்டி முடித்துக்கொள்வது பெரிய அநியாயம். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் 9 மில்லிகிராம் அளவுக்குத்தான் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். வீட்டுக் கழிவுநீர் கேட்பதோ அதைப்போலப் பல மடங்கு. ஆகவே நீர்க்க வைக்க வேண்டும், எத்தனை மடங்கு என்பதை முன்கூட்டியே மதிப்பிட வேண்டும். மதிப்பீடு பிசகினால் ஐந்தாம் நாள் பாட்டிலைத் திறக்கும்போது ஆக்சிஜன் சுத்தமாகத் தீர்ந்திருக்கும், மறுபடி முதலிலிருந்து. அளப்பதற்கு முன்பே தோராயமாகக் கணிக்கிற பழக்கம் இதில்தான் கைவருகிறது. எந்த சாஃப்ட்வேரும் இதைத் தராது.

வேலை கிடைக்குமா என்றும் கேட்கிறார்கள். குடிநீர், கழிவுநீர், திடக்கழிவு, தொழிற்சாலைகளின் உமிழ்வுக் கண்காணிப்பு என்று வேலைகள் உண்டு. பல இடங்களில் சிவில் படித்தவர்களோடு போட்டி போட வேண்டியிருக்கும், அதையும் தெரிந்துகொண்டே வாருங்கள். சேருமுன் பாடத்திட்டத்தை வாங்கி, நுண்ணுயிரியல் லேப் எத்தனை மணி நேரம், ஓடுகிற நிலையத்துக்கு நேரில் கூட்டிப்போவார்களா என்று பாருங்கள்.

ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். இறுதியாண்டு புராஜெக்ட்டுகளில் திரும்பத் திரும்ப வருவது ஒன்று: ஏதோ ஒரு பழத்தோலையோ கொட்டையின் ஓட்டையோ கரியாக்கி, சாயத்தையோ கன உலோகத்தையோ அதில் உறிஞ்சவைத்து, இத்தனை சதவீதம் நீக்கினோம் என்று வரைபடத்தோடு முடித்துவிடுவார்கள். பிள்ளைகளின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் உலோகம் ஏறிய அந்தக் கரி இப்போது எங்கே இருக்கிறது? அதை எரிக்கலாமா, புதைக்கலாமா, புதைத்தால் மழைநீரில் எவ்வளவு கசியும், உலோகத்தைத் திரும்பப் பிரித்தெடுக்க என்ன அமிலம் வேண்டும், அந்த அமிலத்தை அப்புறம் என்ன செய்வது? இதற்கென்று ஒரு அத்தியாயம் இல்லாத அறிக்கையை வைவாவுக்கே ஏற்றுக்கொள்ளாதீர்கள்.