ராஜினாமா ஏற்கப்பட்டது

கூட்டம் மாலை ஆறு மணிக்கு. ஏழு மணி வரை வந்தவர்கள் மூன்று பேர்: தெரு நலச் சங்கத்தின் செயலாளர், அவருக்கு எதிர்வீட்டில் இருக்கும் பெண், மழைக்கு ஒதுங்கிய நான். வருகைப் பதிவேட்டில் என்னிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அப்படியும் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச ஆள் கணக்கு, சேரவில்லை. கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. ஒத்திவைத்த பிறகு நடந்த பேச்சுதான் இது. (உருப்படியான பேச்செல்லாம் ஒத்திவைத்த பிறகுதான் வரும். எல்லாச் சங்கத்திலும் அப்படித்தான் என்று கேள்வி.)

செயலாளர்: பார்த்தியாம்மா? குறை சொல்ல எண்பது வீடு, கூட்டத்துக்கு மூணு பேர். அதுலயும் ஒருத்தர் குடை கொண்டுவராததால வந்தவர்.

எதிர்வீடு: அதுக்குத்தான் சார் பேசலாம்னு இருந்தேன். போன கூட்டத்துல ஒண்ணு சொன்னீங்களே...

செயலாளர்: எல்லாக் கூட்டத்துலயும் சொல்றேன். யாராவது இதை வாங்கிக்கோங்கப்பா, என் தலைச்சுமை இறங்கட்டும்னு ஆறு வருஷமாக் கத்தறேன். ஒரு ஜீவன் கை தூக்கல.

எதிர்வீடு: நான் வாங்கிக்கறேன் சார்.

(செயலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காதில் விழாதது போல இருக்க வேண்டுமானால் கண்ணாடியைத்தான் துடைக்கிறார்.)

செயலாளர்: எதை?

எதிர்வீடு: செயலாளர் பொறுப்பை.

செயலாளர்: அட! ரொம்ப நல்லது. தெய்வமாப் பார்த்து உன்னை அனுப்பியிருக்கு. ஆனா ஒண்ணும்மா, வெளியில இருந்து பார்க்கிற மாதிரி இல்ல இது. இப்ப இந்தச் சாவிக்கொத்தையே எடுத்துக்கோ. மொத்தம் பதினோரு சாவி.

எதிர்வீடு: எது எதுக்கு சார்?

செயலாளர்: இது பீரோ. இது மோட்டார் ரூம். இது... இதுவும் மோட்டார் ரூம்தான், பழைய பூட்டு.

எதிர்வீடு: மீதி எட்டு?

செயலாளர்: அதெல்லாம் அனுபவத்துலதான் தெரியும்.

எதிர்வீடு: உங்களுக்குத் தெரியுமா?

செயலாளர்: எனக்கு முந்தி இருந்தவர் கொடுத்தார். அவருக்கு முந்தி இருந்தவர் அவருக்குக் கொடுத்தார். கேள்வி கேட்கக் கூடாதுன்னு ஒரு மரியாதை இருக்கில்ல.

எதிர்வீடு: சரி சார். தீர்மானப் புத்தகத்தைக் கொடுங்க, ஒரு தடவை பார்த்துக்கறேன்.

(நீள நோட்டு. அட்டை போய், காலண்டர் தாளால் உறை போட்டிருந்தது. அவர் அதை நீட்டினார். அவர் பெருவிரல் மட்டும் விடவில்லை. ஒரு சின்ன இழுபறிக்குப் பிறகு கைமாறியது.)

எதிர்வீடு: "தீர்மானம் 4: தெருமுனை விளக்கு எரியாதது பற்றி அடுத்த கூட்டத்தில் விவாதிப்பது." அடுத்த கூட்டம்... "தீர்மானம் 3: தெருமுனை விளக்கு பற்றி விரிவாக விவாதிக்கப்பட்டு, அடுத்த கூட்டத்தில் விவாதிப்பதென ஒருமனதாக முடிவு செய்யப்பட்டது."

செயலாளர்: ஒருமனதா! அதைக் கவனி. இந்தத் தெருவுல ஒருமனதா ஒரு விஷயம் நடந்திருக்குன்னா அது இதுதான்.

எதிர்வீடு: முன்மொழிந்தவர் நீங்க. வழிமொழிந்தவரும் நீங்க.

செயலாளர்: அன்னிக்கு அவ்வளவு பேர்தான் வந்திருந்தாங்க.

எதிர்வீடு: சார், தப்பா நினைக்காதீங்க. இதெல்லாம் ஒரே ஆள் தலையில இருக்கிறதாலதான் நகரல. நான் வந்தா வேலையைப் பிரிச்சுக் கொடுத்துடுவேன்.

செயலாளர்: பிரிக்க வேணாம்மா, சேர்த்துக்கோ. ஊர் கூடித் தேர் இழுக்கணும். பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?

எதிர்வீடு: அதை ஒருத்தர் அளந்தே பார்த்திருக்கார் சார். பிரான்ஸ்ல மாக்ஸ் ரிங்கெல்மேன்னு ஒரு வேளாண் பொறியாளர். ஆளுங்களைக் கயிறு இழுக்க விட்டு, எவ்வளவு பலம் வருதுன்னு கருவி வச்சு அளந்து, 1913-ல வெளியிட்டார். ஒருத்தர் தனியா இழுத்தா முழு பலம். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தா, ஆளுக்குப் பாதி பலம்தான் வந்ததாம். பக்கத்துல இருக்கிறவன் இழுக்கிறான்ல, நாம கை வச்சாப் போதும்னு.

செயலாளர்: எட்டுப் பேருக்கே பாதியா? நம்ம செயற்குழுவுல பதினஞ்சு பேர்! அப்ப தேர் பின்னாலதான் போகும்.

எதிர்வீடு: அதுக்கு வழியும் கண்டுபிடிச்சாங்க. 1979-ல அமெரிக்காவுல லடானேன்னு ஒரு உளவியல் பேராசிரியரும் கூட்டாளிகளும் ஆளுங்களைக் கத்த விட்டு அளந்தாங்க. கும்பலாக் கத்தினா ஆளாளுக்குச் சத்தம் குறைஞ்சுது. ரெண்டு வருஷம் கழிச்சு, கும்பல்ல இருந்தாலும் உங்க சத்தம் மட்டும் தனியாத் தெரியும்னு சொல்லிக் கத்தச் சொன்னாங்க. எல்லாரும் முழுத் தொண்டையில கத்தினாங்க.

செயலாளர்: நம்ம ஆளுங்க கத்தறதுல இதுவரைக்கும் யாரும் குறை வச்சதில்லையேம்மா.

எதிர்வீடு: அதில்ல சார். ஒரு வேலைக்கு ஒரு பேர். விளக்குன்னா இன்னார், தண்ணின்னா இன்னார், கணக்குன்னா இன்னார்னு எழுதித் தெருமுனையில ஒட்டிடணும். "செயற்குழு கவனிக்கும்"னு எழுதினா யார் கவனிப்பாங்க?

செயலாளர்: தெருமுனையில ஒட்டினா யார் படிப்பாங்க? அங்கதான் விளக்கு எரியலையே.

(இதற்கு நான் சிரித்துவிட்டேன். இருவரும் திரும்பி, கோரத்துக்குக்கூட உதவாத ஆள் சிரிக்கிறானே என்பது போலப் பார்த்தார்கள்.)

செயலாளர்: நீ நல்லாப் படிச்ச பொண்ணு, ஒத்துக்கறேன். ஆனா அனுபவம்னு ஒண்ணு இருக்கு. ஆறு வருஷம்! என் கையெழுத்து பேங்க் மேனேஜருக்குக் கண்ணை மூடிக்கிட்டே தெரியும். திடீர்னு ஆளை மாத்தினா சங்கம் என்ன ஆகறது?

எதிர்வீடு: நான் பள்ளிக்கூடத்துல வரலாறு எடுக்கிறவ சார். உத்திரமேரூர்க் கல்வெட்டு ஞாபகம் இருக்கா? பராந்தக சோழன் காலம், 921-ஆம் வருஷம். ஊர்ல முப்பது குடும்பு, நம்ம வார்டு மாதிரி. ஓலையில பேரு எழுதிக் குடத்துல போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னாங்க.

செயலாளர்: குடவோலை! நானும் அஞ்சு மார்க் கேள்வியில எழுதியிருக்கேன். பையன் ஏன் தெரியுமா? ஒண்ணும் தெரியாதவன்தான் பொதுவேலைக்குக் கை நீட்டுவான்.

எதிர்வீடு: பதவிக்காலம் எவ்வளவுன்னு எழுதினீங்க?

செயலாளர்: ...

எதிர்வீடு: 360 நாள். முந்தின மூணு வருஷத்துல வாரியத்துல, அதாவது ஊர் வேலையைக் கவனிக்கிற குழுவுல இருந்தவங்க பேரைக் குடத்துல போடவே முடியாது.

செயலாளர்: அது ராஜா காலத்துக் கடுமை.

எதிர்வீடு: வயசு முப்பத்தஞ்சுக்கு மேல, எழுபதுக்குக் கீழ.

செயலாளர்: எனக்கு அறுபத்தொன்பதுதான்! (கொஞ்சம் யோசித்து) அடுத்த மாசம் பத்தாம் தேதி வரைக்கும்.

எதிர்வீடு: இன்னொண்ணு சார். வாரியத்துல இருந்துட்டுக் கணக்கு காட்டாதவங்க மறுபடி வர முடியாது.

செயலாளர்: கணக்கா? பைசா சுத்தமா இருக்கு. அந்தப் பையில எல்லா ரசீதும் இருக்கு பாரு.

(பையை அவள் தூக்கிப் பார்த்தாள். உள்ளே ரசீதுகள், ஒரு பழைய பல்பு, யாரோ பேரனின் கையுறை ஒன்று.)

எதிர்வீடு: கூட்டி எழுதியிருக்கா?

செயலாளர்: கூட்டினா வந்துடப் போகுது. பொருளாளர்தான் கூட்டணும்.

எதிர்வீடு: பொருளாளர் யாரு சார்?

செயலாளர்: என் மச்சான்.

எதிர்வீடு: கணக்கு காட்டாதவரோட சொந்தக்காரங்களும் வரக் கூடாதுன்னு இருக்கு சார். சித்தி பையன், அத்தை பையன், மாமா, மாமனார், மச்சான்னு பெரிய பட்டியலே செதுக்கி வச்சிருக்காங்க.

செயலாளர்: ஆயிரம் வருஷத்துக்கு முந்தியே எங்க வீட்டுக்காரி தம்பியைப் பத்தித் தெரிஞ்சிருக்கா அவங்களுக்கு?

(ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. மழை விட்டிருந்தது. நான் கிளம்பியிருக்கலாம், மனசு வரவில்லை. செயலாளர் சாவிக்கொத்தை எடுத்து, எட்டுச் சாவியையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பிறகு மேசைமேல் வைத்து அவள் பக்கம் நகர்த்தினார். ஒரு ஜாண். இன்னும் ஒரு ஜாண்.)

செயலாளர்: எடுத்துக்கோம்மா. ராஜினாமாவைத் தீர்மானமா எழுதிடு. முன்மொழிந்தவர் நான்.

எதிர்வீடு: வழிமொழிந்தவர் நான். கோரம் இல்லாததால இது வெறும் குறிப்பு. ஞாயித்துக்கிழமை வீடு வீடாப் போய் எல்லாரையும் கூட்டிட்டு வந்து ஊர்ஜிதம் பண்ணிக்கறேன். சரியா சார்?

செயலாளர்: ஆக, இப்ப நான் செயலாளர் இல்ல.

எதிர்வீடு: கிட்டத்தட்ட இல்ல.

(அவர் எழுந்தார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து அவளுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். குரலே மாறிவிட்டது.)

செயலாளர்: சங்கம்னு ஒண்ணு எதுக்கும்மா நடத்தறீங்க? தெருமுனை விளக்கு எரிஞ்சு எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? அந்த இருட்டுல நான் ரெண்டு தடவை தடுக்கி விழுந்திருக்கேன். கேட்க ஆள் உண்டா?

எதிர்வீடு: சார், ஆறு வருஷமா நீங்கதானே...

செயலாளர்: அதான் கஷ்டமே! யார்கிட்டப் போய்ச் சொல்லுவேன்? நானே விழுந்து, நானே எழுந்து, என்கிட்டயே வந்து புகார் கொடுத்தா, நானே அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிடுவேன்.

எதிர்வீடு: புரியுது சார். ஆனா புகாரை எழுத்துலதான் கொடுக்கணும். நீங்க போட்ட விதி.

(அவர் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்தார். மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, மை வெளிறிப்போயிருந்தது.)

செயலாளர்: எழுதியே வச்சிருக்கேன். தேதியை மட்டும் மாத்திக்கோம்மா.