கதவைத் திறந்தவரே கேட்ட கேள்வி

ஹார்வர்டு சட்டப் பள்ளியின் டீன்கள் என்று பேச்செடுத்தாலே எல்லாரும் லாங்டெல்லில்தான் ஆரம்பிப்பார்கள். சரி, பெரிய ஆள்தான். 1870-இல் டீன் ஆனவர். பழைய தீர்ப்புகளைப் படிக்கவைத்து மாணவர்களைக் கேள்விகளால் குடைந்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். எனக்கென்னவோ அவரைவிட எர்வின் கிரிஸ்வோல்டைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று படுகிறது.

1946 முதல் 1967 வரை அவர்தான் டீன். 1817-இல் தொடங்கிய பள்ளிக்குள் பெண்கள் மாணவிகளாக நுழைந்தது 1950-இல், அவர் காலத்தில். கம்யூனிஸ்டுகளைத் தேடுகிறேன் என்று அமெரிக்க செனட்டர் மெக்கார்த்தி ஆட்டம் போட்ட நாட்களில், விசாரணையில் வாய் திறக்க மறுப்பவனெல்லாம் குற்றவாளி இல்லை என்று துணிந்து சொன்னவரும் அவரே.

அதே மனிதர்தான் 1956-இல் புதிதாகச் சேர்ந்த 9 பெண்களையும் வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிட்டு, ஓர் ஆண் உட்கார்ந்திருக்க வேண்டிய இடத்தில் நீங்கள் எதற்கு என்று ஒவ்வொருவராகக் கேட்டார். அவர்களில் ஒருவர், பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியான ரூத் பேடர் கின்ஸ்பர்க். பதில் சொல்ல எழுந்த அவரது மடியிலிருந்த ஆஷ்ட்ரே கவிழ்ந்து சிகரெட் துண்டுகள் தரையெல்லாம் சிதறின. கணவரும் இங்கே படிக்கிறார், அவர் வேலை மனைவிக்குப் புரிய வேண்டாமா என்று எதையோ சொல்லிச் சமாளித்தார். முனகிக்கொண்டிருந்த பேராசிரியர்களுக்குச் சொல்லப் பதில் வேண்டியிருந்தது, அதனால்தான் கேட்டேன் என்று பின்னாளில் டீன் தரப்பு விளக்கம். இருக்கலாம். ஆனால் கணவருக்கு நியூயார்க்கில் வேலை கிடைத்து, கடைசி வருடத்தை அங்குள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தாலும் ஹார்வர்டு பட்டம் தருவீர்களா என்று கின்ஸ்பர்க் கேட்டபோதும் முடியாது என்றாரே, அது யாருக்குச் சொல்ல?

மாணவிகளாக வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்பார்கள். நடக்கவில்லை. 1990-இல், நிரந்தரப் பதவியில் ஒரு கறுப்பினப் பெண்கூட இல்லையே என்று பேராசிரியர் டெரிக் பெல் சம்பளமில்லா விடுப்பில் போனார். திரும்பி வரவே இல்லை. லானி கினியர் என்ற கறுப்பினப் பெண்ணுக்கு அந்தப் பதவி கிடைத்தது 1998-இல்.

முதல் பெண் டீன் எலீனா கேகன், 2003-இல். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் மாணவர்களுக்கு இலவசக் காபி கொடுத்ததை மறக்காமல் எழுதுவார்கள். (பெண் தலைவர் என்றால் காபிதான் கண்ணில் படுமோ?) இடதும் வலதுமாக முறைத்துக்கொண்டிருந்த ஆசிரியர் குழுவில் இரு தரப்பிலிருந்தும் ஆள் எடுத்தார், முதலாண்டுப் பாடத்திட்டத்தையே மாற்றினார். அதுவும் ஆறே வருடத்தில். கிரிஸ்வோல்டுக்கு 21 வருடம் இருந்தது.