காலண்டர் தாளில் போட்ட ஓடி கணக்கு

போன ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் தேக்கா சென்டரில் ஒரு தம்பியோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஊரில் எங்கள் பக்கத்துத் தெருப் பையன். ஏர்கான் (ஏசி) பைப் வேலை, ஆறே பேர் உள்ள சப்கான் (துணை ஒப்பந்த) கம்பெனி. இருபது வருஷமாகக் கணக்குப் பிரிவில் சம்பளம் போடுகிறவள் நான். யாருக்குச் சம்பளத்தில் சந்தேகம் வந்தாலும் என் நம்பர் எப்படியோ கைமாறிப் போய்விடுகிறது.

பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், மாதம் 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஓடி, அதாவது ஓவர்டைம், மாதத்துக்கு 60 மணி நேரம் வருமாம்.

"ஓடிக்கு எவ்வளவு தராங்க?"

"மணிக்கு நாலு வெள்ளி அக்கா. எல்லாருக்கும் அதான்."

கையில் வேறு தாள் இல்லை. காலையில் கோயிலில் திருநீறு மடித்து வந்த காலண்டர் தாளைப் பிரித்து அதன் பின்பக்கம் எழுதினேன். 800-ஐ 12-ஆல் பெருக்கு. வருஷத்துக்கு 52 வாரம், வாரத்துக்கு 44 மணி, ஆக 2,288 மணி. அதால் வகுத்தால் மணிக்கு 4 வெள்ளி 20 காசு. ஓடிக்குச் சட்டப்படி ஒன்றரை மடங்கு, 6 வெள்ளி 29 காசு. அதாவது இந்தத் தம்பி ராத்திரி எட்டு மணி வரை நின்று வாங்கிய ஓடி, பகல் நேரக் கூலியைவிட 20 காசு கம்மி. மாதம் 377 வெள்ளி வர வேண்டிய இடத்தில் 240 வந்திருக்கிறது.

சம்பளச் சீட்டு எங்கே என்று கேட்டேன். ஒரு கவரைக் காட்டினான். மேலே பென்சிலில் மொத்தத் தொகை, பக்கத்தில் 'டிரில் -300'. வேலையிடத்தில் டிரில்லிங் மெஷின் ஒன்று காணாமல் போயிருக்கிறது. இவன் பொறுப்பில் இருந்ததாம், அதனால் இவன் தலையில் விழுந்துவிட்டது. சட்டப்படி, பொருள் தொலைந்ததற்குப் பணம் பிடிக்க வேண்டுமானால் முதலில் விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். தவறு தொழிலாளியுடையது என்று ஆன பிறகும் ஒரு மாதச் சம்பளத்தில் கால் பங்குக்கு மேல் பிடிக்கக் கூடாது. பேசிக்கோடு வர வேண்டிய ஓடியைச் சேர்த்தாலும் கால் பங்கு 300 ஆகாது. மேலே எடுத்த பணம் எந்தக் கணக்கில் சேரும் என்று அந்த முதலாளிதான் சொல்ல வேண்டும். பேசிக், ஓடி, பிடித்தம் எல்லாம் தனித்தனியாகப் போட்ட சம்பளச் சீட்டு தருவது 2016 ஏப்ரலிலிருந்து கட்டாயம். பென்சிலால் எழுதிய கவர் அதில் சேராது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தம்பி சொன்னதுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது.

"முதலாளி நம்ம ஊருக்காரரு அக்கா. கேட்டா மனசு சங்கடப்படுவாரு."

இந்த 'நம்ம ஊருக்காரர்' என்ற சொல் மேல் எனக்கு ரொம்ப நாளாகக் கோபம். வேலைக் கடிதம் கேட்டால் 'என்மேல நம்பிக்கை இல்லையா' என்பார்கள். வேலை, சம்பளம், வேலை நேரம், விடுப்பு எல்லாம் எழுதிய வேலை விதிமுறைகளைச் சேர்ந்த 14 நாளுக்குள் எழுத்தில் தரச் சொல்கிறது சட்டம். அதில் நம்பிக்கைக்கு என்ன வேலை? அதே முதலாளி இரும்புக்கடையில் குழாய் வாங்கினால் பில் இல்லாமல் வாங்குவாரா?

என் அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். தொழிற்சங்கக் கதைகளை ரசித்துச் சொல்வார். அவர் வேலைநிறுத்தம் என்று ஆரம்பித்தாலே அம்மா சமையலறையிலிருந்து, "அந்த மாசம் அடகுக்குப் போன என் வளையலையும் சேத்துச் சொல்லுங்க" என்பார். இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். 1955 மே மாதம் ஹாக் லீ பேருந்துக் கம்பெனித் தொழிலாளர் போராட்டம் கலவரமாகி உயிர்கள் போன ஊர் இது. 1960-இல் தொழிலுறவுச் சட்டம் வந்தது. சண்டையைத் தெருவிலிருந்து எடுத்துப் பேச்சுவார்த்தைக்கும், முடியாவிட்டால் தொழில் நடுவர் நீதிமன்றத்துக்கும் கொண்டுபோனார்கள். பிரிட்டிஷ் படை கிளம்புகிறது என்று அறிவித்த 1968-இல் வேலை நியமனச் சட்டம் பிறந்தது. அதே வருஷம் தொழிலுறவுச் சட்டத்தையும் திருத்தினார்கள். ஆளெடுப்பது, பதவி உயர்வு, இடமாற்றம், ஆட்குறைப்பு இதெல்லாம் நிர்வாகத்தின் முடிவு, சங்கம் பேரம் பேச முடியாது என்று ஆனது. முதலீடு வர வேண்டும், வேலை வேண்டும், கொடுத்த விலை அது. 1972-இல் தேசியச் சம்பள மன்றம். அரசாங்கம், முதலாளிகள், சங்கம் மூன்று பேரும் ஒரே மேசையில்.

அதன் பிறகு வேலைநிறுத்தம் என்பது இங்கே மெல்ல மெல்ல அரிதாகிவிட்டது. 1986 ஜனவரியில் ஹைட்ரில் கம்பெனியில் நடந்ததற்கு தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸின் (என்டியூசி) அப்போதைய தலைமைச் செயலாளர் ஓங் டெங் சியோங் ஒப்புதல் தந்தார், இரண்டே நாளில் முடிந்தது. 2012-இல் சீனாவிலிருந்து வந்த பேருந்து ஓட்டுநர்கள் வேலைக்குப் போகாமல் இருந்தபோது அது சட்டவிரோதம் என்றார்கள். பேருந்து அத்தியாவசியச் சேவை, 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். சிலர் சிறைக்குப் போனார்கள், 29 பேரை ஊருக்கு அனுப்பினார்கள்.

அமைதி வந்ததில் எனக்குக் குறையில்லை, இதில் நான் என் அம்மா பக்கம்தான். ஆனால் அந்த மூன்று நாற்காலி மேசை, சங்கம் இருக்கிற இடத்துக்குப் போட்ட மேசை. ஆறு பேர் வேலை செய்யும் சப்கானில் சங்கம் எங்கே? அங்கே இருப்பது முதலாளி, தொழிலாளி, எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யக்கூடிய ஒரு வேலை பெர்மிட். அங்கே சட்டம் தானாக நடந்து வராது. இவன்தான் அதைத் தேடிப் போக வேண்டும்.

போவதற்கு வழி இருக்கிறது. 2017-லிருந்து சம்பளப் புகார்கள் டாடம் (TADM) என்று சொல்லும் முத்தரப்புத் தகராறு தீர்வு அமைப்பில் முதலில் சமரசத்துக்குப் போகும். அங்கே முடியாவிட்டால் வேலை நியமன உரிமைக்கோரல் நடுவர் மன்றம். வழக்கறிஞர் கூடாது, அவரவர் பேச வேண்டியதுதான். 20,000 வெள்ளி வரை கேட்கலாம், சங்கம் வழியாகப் போனால் 30,000. ஆனால் கெடு இருக்கிறது. வேலையில் இருந்துகொண்டே கேட்டால் கடைசி ஒரு வருஷத்துப் பாக்கி மட்டும்தான். வேலையை விட்டால் ஆறு மாதத்துக்குள் போக வேண்டும்.

இந்த ஒரு வருஷக் கெடு நியாயமில்லை என்பது என் கருத்து. பெர்மிட் போய்விடுமோ என்று பயந்து பயந்து வாய் மூடியிருக்கிறவனிடம் 'ஏன் முன்பே வரவில்லை' என்று கேட்கிற மாதிரி இருக்கிறது. முதலாளி இரண்டு வருஷ ஆவணங்களை வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறதே. கேட்கிற உரிமைக்கும் அதே இரண்டு வருஷம் கொடுத்தால் என்ன?

(ஏசி அறையில் உட்கார்ந்து இதைப் படிக்கும் மேனேஜர்களே, 2019 ஏப்ரலிலிருந்து உங்களுக்கும் வேலை நியமனச் சட்டம் உண்டு. ஓடி, ஓய்வு நாள் போன்ற விதிகள் மட்டும் கிடையாது. அநியாயமாக வேலையை விட்டு நீக்கினால் புகாருக்கு உங்களுக்கு ஒரே மாதம். இன்பாக்ஸில் வந்து 'நாங்க எக்ஸிகியூட்டிவ், எங்களுக்குப் பொருந்தாதே' என்று சொல்லாதீர்கள்.)

தம்பி வந்து 14 மாதம் ஆகிறது. ஓடிப் பாக்கி மாதம் 137 வெள்ளி, 12 மாதத்துக்கு 1,650 வெள்ளி சொச்சம். முதல் இரண்டு மாதக் காசு போனது போனதுதான். டைம் கார்டை ஒவ்வொரு நாளும் போனில் படம் எடுத்து வை என்று சொன்னேன். காலண்டர் தாளையும் படம் எடுத்துக்கொண்டான். திருநீறைக் கீழே சிந்தாமல் வேறு தாளில் மடித்து என்னிடமே தந்தான்.

"யோசிச்சுச் சொல்றேன் அக்கா."

சம்பளம் ஏழாம் தேதி. அன்றைக்கு மூன்றாவது மாதமும் கெடு தாண்டிவிடும். இன்று நான்கு, இன்னும் போன் வரவில்லை.