ஆக்டோபஸ் கண்ணும் நம் கண்ணும்: ஒரு திருத்தம்

ஆக்டோபஸ் கண்ணும் மனிதக் கண்ணும் ஒரே மாதிரி இருப்பதால், இரண்டும் ஒரே மூதாதையின் கண்ணிலிருந்து வந்தவை என்று இங்கே பலர் பகிர்கிறார்கள். ஒற்றுமை உண்மைதான், முடிவு சரியில்லை. லென்ஸ் வைத்த இந்தக் கண் இரு வம்சங்களிலும் தனித்தனியாக உருவானது. 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு பிரிந்த பொது மூதாதைக்கு, அதிகம் போனால் வெளிச்சத்தை உணரும் எளிய செல்கள் இருந்திருக்கும். (கண் வளர்ச்சியைத் தொடங்கிவைக்கும் பாக்ஸ்6 மரபணு இரண்டிலும் உண்டு, ஆனால் அது ஈக்கும் உண்டு, ஈயின் கண் வேறு மாதிரி. அதனால் அது இதற்குச் சான்றாகாது.)

கரு வளர்வதைப் பார்த்தால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். நம் விழித்திரை மூளையிலிருந்து வெளியே புடைத்து வருகிறது. ஆக்டோபஸுக்கோ மேல்தோல் உள்ளே மடிந்து விழித்திரையாகிறது. அதனால்தான் நம் நரம்பிழைகள் விழித்திரைக்கு முன்னால் ஓடி, அதைத் துளைத்துக்கொண்டு வெளியேறுகின்றன. அந்த இடத்தில் பார்வை இல்லை, அதுவே குருட்டுப் புள்ளி. ஆக்டோபஸுக்கு நரம்புகள் பின்பக்கமாகவே போய்விடுகின்றன, குருட்டுப் புள்ளி கிடையாது.

உங்கள் குருட்டுப் புள்ளியை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். தாளில் இடப்பக்கம் ஒரு கூட்டல் குறி, 8 செ.மீ. தள்ளி வலப்பக்கம் ஒரு புள்ளி. இடக்கண்ணை மூடி, கூட்டல் குறியையே பார்த்தபடி தாளை மெல்ல அருகில் கொண்டுவாருங்கள். சுமார் 30 செ.மீ. தூரத்தில் புள்ளி மறைந்துவிடும்.

அப்புறம், மீன் கடையில் ஆக்டோபஸின் உறவான கணவாய் கிடைத்தால் அதன் கண்ணை வெட்டிப் பாருங்கள். கண்ணாடி மணி போன்ற லென்ஸ் இரண்டு துண்டாகப் பிரிந்து வரும். மீனின் லென்ஸ், நம்முடையதைப் போலவே, ஒரே துண்டு.